வேலை யார் கையில், பெயர் யாருடையது? நிறுவனம் மாறும் பெண் வழக்கறிஞர்களின் கேள்விகள்

சட்ட நிறுவனம் மாற நினைக்கும் பெண்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேள்விகள் பல திசையிலிருந்து வந்தாலும் பதில்கள் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. வேலையை யார் கையிலிருந்து வாங்கப் போகிறீர்கள்? செய்த வேலை யார் பெயரில் பதிவாகப் போகிறது? சம்பளம், பதவி உயர்வு, விடுப்பு முடிந்து திரும்பும்போது கிடைக்கும் இருக்கை எல்லாமே இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கின்றன.

கேள்வி: கம்பெனிகளை வாங்குவது, விற்பது, இணைப்பது தொடர்பான சட்ட வேலையில் ஆறு வருடமாக அசோசியேட்டாக, அதாவது சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வழக்கறிஞராக, இருக்கிறேன். இரண்டு நிறுவனங்கள் அழைக்கின்றன. ஒன்று பெரிய பெயர், சம்பளமும் 15 சதவீதம் அதிகம். இன்னொன்று நடுத்தரம். எல்லோரும் பெரியதற்குப் போ என்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு நிறுவனங்களிலும் ஆண்டுக்கு எத்தனை பில்லிங் மணி நேரம், அதாவது கட்சிக்காரரிடம் கட்டணம் வாங்கக்கூடிய வேலை நேரம், எதிர்பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பெரியதில் 2,000, நடுத்தரத்தில் 1,700 என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 15 சதவீதம் கூடுகிறது, உழைப்போ ஏறக்குறைய 18 சதவீதம் கூடுகிறது. அதாவது மணிக்கு இவ்வளவு என்று பார்த்தால் பெரிய நிறுவனம் கொஞ்சம் குறைவாகத்தான் தருகிறது.

இதை வாரக் கணக்காக்கினால் இன்னும் தெளிவாகத் தெரியும். விடுமுறை, உடல்நலக் குறைவு எல்லாம் போக வருடத்தில் 46 வாரம் வேலை. அலுவலகத்தில் இருக்கும் பத்து மணியில் ஏழு மணிதான் பில்லில் ஏறும் என்று வைத்தால், 2,000 மணிக்கு வாரம் 62 மணி நேரம் மேஜையில் இருக்க வேண்டும். 1,700 மணிக்கு 53 போதும். வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் என்பது ஒரு முழு வேலை நாள்.

அடுத்து, இலக்கில் எதெல்லாம் சேரும் என்று கேளுங்கள். நேரப் பதிவு வழக்கமாக ஆறு நிமிடக் கூறுகளாக, மணியில் பத்தில் ஒரு பங்காக, ஏறும். கட்சிக்காரருக்கு பில் போட முடிந்த ஆறு நிமிடம் மட்டும்தான் கணக்கா? ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்த நேரம், ஆளெடுப்பு நேர்காணலில் உட்கார்ந்த நேரம், நிறுவனத்தின் பெயரில் கட்டுரை எழுதிய நேரம், இலவசச் சட்ட உதவி, பெண்கள் குழுவை நடத்திய நேரம் இவற்றுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வி பெண்களுக்கு மிக முக்கியம். இப்படிப்பட்ட வேலைகளுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்கும்போது பெண்கள் பெயர்தான் முதலில் வருகிறது. அவள் சரியென்றும் சொல்லிவிடுகிறாள். ஆண்டு இறுதியில் அவள் கணக்கில் மட்டும் 150 மணி நேரம் குறைகிறது. ‘அதெல்லாம் மதிப்பீட்டின்போது பார்த்துக்கொள்வோம்’ என்று பதில் வந்தால், பார்க்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆண்டுக்கு 100 மணி வரை இலக்கில் சேரும்’ என்று எண்ணாகச் சொன்னால்தான் அது பதில்.

இப்போது நம் முக்கியக் கேள்விக்கு வருவோம். வேலையைப் பங்கிடுவது யார்? சில இடங்களில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். யாரிடம் எவ்வளவு வேலை இருக்கிறது, யாருக்கு எந்த அனுபவம் இன்னும் கிடைக்கவில்லை என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். பல இடங்களில் நிறுவனத்தின் கூட்டாளியான பார்ட்னர் தனக்குப் பிடித்தவரை, மாலையில் தன்னோடு பேசிக்கொண்டிருப்பவரை அழைத்துக் கொடுத்துவிடுவார். அதில் வன்மம் இருக்க வேண்டியதில்லை, பழக்கம் போதும். அப்படிப்பட்ட இடத்தில் புதிதாக வருகிற பெண்ணுக்கு மிஞ்சுவது ஆவணக் குவியலைச் சலிக்கும் வேலை.

இதை நேராகக் கேட்டால் ‘எல்லோருக்கும் சமமாகத்தான்’ என்று பதில் வரும். சுற்றி வளைத்துக் கேளுங்கள்: ‘என் அனுபவத்தில் உள்ள ஒருவர் போன ஆறு மாதத்தில் செய்த கடைசி மூன்று வேலைகளில் அவர் பங்கு என்ன?’ ஆறாவது வருடத்தில் நீங்கள் பங்கு விற்பனை ஒப்பந்தத்தின் முதல் வரைவை எழுத வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு நேரடியாகப் பேச வேண்டும். கையெழுத்து நாள்வரை கோப்பை இழுத்துக்கொண்டு போக வேண்டும். நிறுவனத்தின் பழைய ஒப்பந்தங்களைப் படித்து அறிக்கை எழுதுவது இரண்டாம் வருட வேலை. பதிலில் அந்த அறிக்கை வேலையே அதிகம் வந்தால், பெரிய பெயரோடு பின்னோக்கிப் போகிறீர்கள் என்று பொருள்.

இன்னும் ஒன்று: இந்த இடம் ஏன் காலி? வேலை பெருகியதால் என்றால் நல்லது. ஒருவர் போனதால் என்றால், அவர் எத்தனை நாள் இருந்தார், அவருக்கு முன் இருந்தவர் எத்தனை நாள் என்று கேளுங்கள். மூன்று வருடத்தில் அதே நாற்காலியில் நீங்கள் மூன்றாவது ஆள் என்றால் நாற்காலியைச் சந்தேகப்படுங்கள். உங்களுக்கு வேலை தரப்போவது எத்தனை பார்ட்னர்கள் என்பதையும் கேளுங்கள். ஒருவர் மட்டும் என்றால், அவர் வேறிடம் போகும் நாளில் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

பெண் பார்ட்னர்கள் இத்தனை சதவீதம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் லாபத்தில் பங்குள்ள ஈக்விட்டி பார்ட்னர் எத்தனை, சம்பளத்துக்கு இருக்கும் பார்ட்னர் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் ஆண் பெண் ஊதிய வித்தியாசத்தை 2017 முதல் வெளியிட வேண்டும். ஆனால் ஈக்விட்டி பார்ட்னர்கள் ஊழியர்கள் அல்ல என்பதால் சட்டம் கேட்கும் எண்ணில் அவர்கள் சேர்வதில்லை. பார்ட்னர் வருமானத்தைச் சில நிறுவனங்கள் தாமாகவே தனியே வெளியிடுகின்றன. அப்படி வெளியிடும் இடத்துக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுங்கள்.

மேன்ஸ்ஃபீல்ட் சான்று வைத்திருக்கிறோம் என்றும் சொல்லக்கூடும். 1869இல் அமெரிக்காவில் முதன்முதலாக வழக்கறிஞராக ஏற்கப்பட்ட பெண்ணான அரபெல்லா மேன்ஸ்ஃபீல்டின் பெயரில் 2017இல் தொடங்கிய திட்டம் அது. தலைமைப் பொறுப்புகளுக்குப் பரிசீலிக்கப்படுவோரில் குறைந்தது 30 சதவீதம் பேர், பெண்கள் உள்ளிட்ட குறைவாக இடம்பெற்ற பிரிவினராக இருக்க வேண்டும் என்பது தொடங்கியபோது அதன் அடிப்படை. நல்ல முயற்சிதான். ஆனால் அது சொல்வது பரிசீலனையைப் பற்றி. யாருக்குக் கிடைத்தது என்பதை நீங்கள்தான் தனியே கேட்க வேண்டும்.

கேள்வி: ஒரு வருடத்துக்குள் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். நேர்காணலில் விடுப்பைப் பற்றிக் கேட்டால் வேலையே கிடைக்காதோ என்று பயமாக இருக்கிறது. கேட்காமல் சேர்ந்து மாட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை.

உங்கள் பயம் நியாயமானது. அதனால் கேட்கும் நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வேலை தருகிறோம் என்ற கடிதம் எழுத்தில் வந்த பிறகு, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, ஒரு சில நாள் இடைவெளி இருக்கும். அதுதான் கேட்க வேண்டிய நேரம். ‘முடிவெடுக்கும் முன் ஊழியர் விதிமுறைத் தொகுப்பு முழுவதையும் படிக்க விரும்புகிறேன்’ என்று மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். விடுப்பு, காப்பீடு, போனஸ், ஓய்வூதியம், மதிப்பீடு எல்லாம் அதில் இருக்கும். பத்து விஷயங்களில் ஒன்றாக மகப்பேறும் வந்துவிடும். உங்கள் திட்டத்தை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

கையில் வந்ததும் முதலில் தேட வேண்டியது தகுதிக் காலம். சட்டப்படியான குறைந்தபட்ச விடுப்பு ஒன்று இருக்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை (2000) 14 வாரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. அதோடு வந்த 191ஆம் பரிந்துரை 18 வாரம் வரை நீட்டச் சொல்கிறது. அதற்கு மேல் நிறுவனம் தருகிற கூடுதல் நாளும் முழுச் சம்பளமும் அந்த நிறுவனத்தின் சொந்த ஏற்பாடு. அதற்கு ‘சேர்ந்து இத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. பழைய இடத்தில் ஆறு வருடம் இருந்து சேர்த்த உரிமை, மாறிய நாளில் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. பெண்கள் பெரும் தொகை இழப்பது இந்த ஒரு வரியில்தான். மருத்துவக் காப்பீட்டில் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறதா என்பதையும் கையோடு பாருங்கள். தகுதிக் காலத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். அனுபவமுள்ளவரை அழைத்து எடுக்கும்போது பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொண்டால் அது நியமனக் கடிதத்தில் வரியாக ஏற வேண்டும். திரும்பி வந்து இத்தனை மாதம் வேலை செய்யாவிட்டால் விடுப்புச் சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இலக்குக் கணக்கு. 1,800 மணி இலக்கு என்றால் மாதத்துக்கு 150. ஆறு மாதம் விடுப்பு எடுத்தால் மீதி ஆறு மாதத்துக்கு 900 என்று குறைப்பார்கள். பார்க்க நியாயம்போலத் தெரியும். ஆனால் விடுப்புக்கு முந்தைய இரண்டு மாதத்தில் புதுக் கோப்பு எதுவும் உங்களுக்கு வராது, இருப்பதையும் ஒப்படைத்துக்கொண்டிருப்பீர்கள். திரும்பிய முதல் இரண்டு மாதத்தில் கையில் கோப்பே இருக்காது. இந்த நான்கு மாதத்தையும் பாதி அளவில் கணக்கிட்டால் நியாயமான இலக்கு 600தான். வெறும் நாள் கணக்கில் குறைக்கும் இடத்தில் 300 மணி நேரக் கடனோடு தொடங்குவீர்கள், போனஸும் போய்விடும். ‘விடுப்புக்கு முன்னும் பின்னும் படிப்படியான இலக்கு உண்டா?’ என்று இதே சொற்களில் கேளுங்கள். குறைத்த இலக்கை எட்டினால் போனஸ் அந்த விகிதத்தில் கிடைக்குமா, அல்லது போனஸுக்கு மட்டும் பழைய 1,800தானா என்பது அடுத்த கேள்வி.

மூன்றாவது, உங்கள் கட்சிக்காரர்கள். விடுப்பில் போகும்போது கோப்பு வேறொருவர் கைக்குப் போகிறது. ஆறு மாதத்தில் கட்சிக்காரர் அவரிடம் பழகிவிடுகிறார். திரும்பி வரும்போது ‘இப்போதைக்கு அவரே பார்க்கட்டும்’ என்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாதபடி உங்கள் ஐந்து வருட உழைப்பு கைமாறிவிடுகிறது. இதற்குத் தீர்வு உண்டு. கோப்பை ஒப்படைக்கும் நாளிலேயே திருப்பி வாங்கும் நாளையும் ஒரு தாளில் எழுதி, பார்ட்னர் கையெழுத்தோடு கட்சிக்காரருக்கும் தெரியப்படுத்துவது. அப்படி ஒரு நடைமுறை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றாலும், உங்களுக்காகச் செய்வார்களா என்ற பதிலிலேயே அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

பேசிப்பார்க்க ஒருவரைத் தாருங்கள் என்றால் போன மாதம் திரும்பியவரைக் காட்டுவார்கள். திரும்பி இரண்டு வருடம் ஆனவரைக் கேளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் அதுவே பதில். ஆண் வழக்கறிஞர்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கிறார்களா, எத்தனை வாரம் என்பதும் நல்ல கேள்வி. அப்பாக்கள் எடுக்கிற இடத்தில் அம்மாக்கள் எடுப்பது தனித்துத் தெரியாது.

கேள்வி: வாரம் நான்கு நாள், 80 சதவீத வேலை என்று ஒரு நிறுவனம் சம்மதிக்கிறது. ஒத்துக்கொள்ளலாமா?

ஒத்துக்கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு. 1,800இல் 80 சதவீதம் 1,440. நடைமுறையில் இந்த ஏற்பாட்டில் இருப்பவர்கள் 1,700 வரை போய்விடுவதுண்டு. அது முழு வேலையில் 94 சதவீதம், வாங்குவதோ 80 சதவீதச் சம்பளம். எனவே கூடுதல் மணிக்கு ஆண்டு இறுதியில் சரிக்கட்டித் தருவார்கள் என்ற வாக்கியத்தை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த வாக்கியம் இருந்தால் பார்ட்னர்களே உங்கள் ஐந்தாவது நாளைக் காப்பாற்றுவார்கள்.

நீதிமன்ற வேலை செய்பவர் என்றால் விடுமுறை நாளை வெள்ளிக்கிழமை என்று கட்டிவைக்காதீர்கள். வழக்கு தேதி அதைக் கேட்காது. மூன்று மாதச் சராசரியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். பார்ட்னர் ஆவதற்கான வருடக் கணக்கு இந்தக் காலத்தில் ஓடுமா நிற்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வருடமாக நீதிமன்ற வழக்குகள் பார்க்கிறேன். மனுவும் வாதக் குறிப்பும் நான் எழுதுகிறேன், எழுந்து நின்று பேசுவது வேறொருவர். மாறினால் இது மாறுமா?

நீங்கள் கேட்டு வாங்கினால் மாறும். நேர்காணலில் ‘கடைசியாக முழு விசாரணை நடந்த மூன்று வழக்குகளில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தது யார்?’ என்று கேளுங்கள். மூன்றிலும் தலைமை பார்ட்னரே என்றால் அங்கேயும் இதே கதைதான். சிறிய வழக்குகளில், இடைக்கால மனுக்களில் இரண்டாம் நிலையில் உள்ளவர்களைப் பேசவிடும் பழக்கம் இருந்தால் நம்பலாம். ‘முதல் வருடத்தில் குறைந்தது இத்தனை வாய்ப்பு’ என்று ஒரு எண்ணை முன்வைத்துப் பேசுங்கள். ஒப்பந்தத்தில் ஏறாவிட்டாலும், சேர்வதற்கு முன் அனுப்பும் மின்னஞ்சலில் ‘நாம் பேசியபடி’ என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. உங்கள் அனுபவத்தைக் காட்ட ஒரு பட்டியல் வேண்டும். வெளியான உத்தரவுகளில் ஆஜரானவர்கள் பெயர் இருக்கும். உங்கள் பெயர் இருக்கும் உத்தரவுகளைத் தேதியோடு தொகுத்துக்கொள்ளுங்கள். அவை பொது ஆவணம், ரகசியம் மீறிய குற்றம் வராது. உங்கள் பெயரே ஏறாத வழக்குகள் எத்தனை என்பதும் அப்போது கண்ணில் படும். இப்போதிருக்கும் இடத்திலேயே இன்றைக்கே சரிசெய்யத் தொடங்கலாம்: ஆஜரானவர் பட்டியலில் என் பெயரும் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: நான் பார்ட்னர். எனக்கென்று கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். புது நிறுவனம் ‘உங்களோடு எவ்வளவு வேலை வரும்’ என்று ஒரு எண் கேட்கிறது. கூட்டிச் சொன்னால் பின்னால் சிக்கல், குறைத்துச் சொன்னால் மதிப்பு குறையுமே?

குறைத்துச் சொல்லுங்கள், ஆனால் கணக்கோடு சொல்லுங்கள். போட்ட பில் தொகையிலிருந்து தொடங்காதீர்கள். தள்ளுபடியும் வராக்கடனும் போக வசூலான தொகையிலிருந்து தொடங்குங்கள். 100க்கு பில் போட்டு 85 வசூலானது என்று வைப்போம். அந்த 85ஐ மூன்றாகப் பிரியுங்கள். உங்கள் கைபேசிக்கே நேராக அழைப்பவர்கள், எல்லா வேலையையும் உங்களிடமே தருபவர்கள்: 30. உங்களுக்கும் இன்னொரு பார்ட்னருக்கும் பொதுவானவர்கள்: 25. நிறுவனத்தின் பெயருக்காக வந்தவர்கள், தங்கள் குழு தேர்ந்தெடுத்த பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே வேலை தருபவர்கள்: 30. முதல் வகையை முழுதாக, இரண்டாவதைப் பாதியாக, மூன்றாவதைப் பூஜ்யமாக எடுத்தால் 42.5 வருகிறது. ‘40’ என்று சொல்லுங்கள். பின்னால் 50 வந்தால் உங்கள் கை ஓங்கும். 85 சொல்லி 40 கொண்டுவந்தவர் இரண்டாவது வருடத்தில் படும் பாடு கொஞ்சமல்ல.

அந்த எண்ணைத் தின்னக்கூடியவை இரண்டு. ஒன்று, புது இடத்தின் மணிக் கட்டணம். உங்கள் கட்டணம் 30 சதவீதம் ஏறினால் முதல் வகைக் கட்சிக்காரரும் யோசிப்பார். முதல் சந்திப்பிலேயே கட்டணத்தைக் கேளுங்கள். இரண்டு, காலம். கட்சிக்காரர் கோப்பை மாற்றி, புது ஒப்பந்தக் கடிதம் போட்டு, வேலை நடந்து, பில் போய், பணம் வர ஐந்தாறு மாதம் ஓடிவிடும். எனவே உங்களை அளக்கும் முதல் காலம் 12 மாதமாக இல்லாமல் 18 மாதமாக இருக்கும்படி பேசுங்கள்.

அடுத்தது பெயர்ப் பதிவு. கட்சிக்காரரைக் கொண்டுவந்தவர் என்ற கணக்கைத் தொழிலில் ஒரிஜினேஷன் கிரெடிட் என்பார்கள். பார்ட்னர் வருமானத்தை அது பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உங்கள் கட்சிக்காரரின் துணை நிறுவனம் ஏற்கெனவே அங்கே யாருடைய கணக்கிலாவது இருக்கிறதா? உங்களோடு வந்தவர் வரி வேலையை அங்குள்ள இன்னொருவரிடம் கொடுத்தால் கிரெடிட் யாருக்கு? பிரிக்கலாம் என்றால் எந்த விகிதத்தில், தகராறு வந்தால் யார் தீர்ப்பார்? இவற்றோடு, யாரும் அதிகம் கேட்காத ஒரு கேள்வியையும் கேளுங்கள்: ‘கடைசியாக ஓய்வு பெற்ற மூன்று பார்ட்னர்களின் கட்சிக்காரர்கள் யாரிடம் போனார்கள்?’ பெரிய கட்சிக்காரர்கள் பெரும்பாலும் வாரிசாக வருகிறவர்கள். அந்த வாரிசு யார் என்று முடிவாவது மூடிய அறைக்குள். மூன்றும் ஆண்களுக்கே போயிருந்தால், எத்தனை பெண் பார்ட்னர்கள் இருந்தாலும் அந்த அறைக்குள் அவர்கள் இல்லை.

கட்சிக்காரர்களின் பெயரை எப்போது சொல்வது? முதல் பேச்சில் சொல்லாதீர்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதி 1.6இல் 2012இல் ஒரு திருத்தம் வந்தது. நலமுரண், அதாவது உங்கள் கட்சிக்காரரின் நலனும் புது நிறுவனத்தின் கட்சிக்காரரின் நலனும் மோதுவது, இருக்கிறதா என்று சரிபார்க்க, பேச்சு ஓரளவு உறுதியான பிறகு, தேவையான அளவு மட்டும் வெளியிடலாம் என்கிறது அது: சம்பந்தப்பட்டவர் பெயர், பிரச்சினையின் சுருக்கம், வழக்கு முடிந்ததா இல்லையா. அதுவும் கட்சிக்காரருக்குத் தீங்கு வராதென்றால் மட்டும். உங்கள் நாட்டு விதி வேறாக இருந்தாலும் இது நல்ல அளவுகோல். கட்சிக்காரர்களுக்கு அறிவிப்பதிலும் விதி உண்டு. அங்கே 1999இலும் 2019இலும் வந்த நெறிமுறைக் கருத்துகளின் சாரம் இதுதான்: யாரை வைத்துக்கொள்வது என்பது கட்சிக்காரரின் உரிமை. நிறுவனமும் போகிறவரும் சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்புவது உத்தமம். கடிதத்தில் நீங்கள் தொடரத் தயார் என்று சொல்லலாம், பழைய நிறுவனத்தை விட்டு வாருங்கள் என்று தூண்டக் கூடாது.

விலகியபின் போட்டியாக வேலை செய்யக் கூடாது என்னும் போட்டித் தடை விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் மாதிரி விதி 5.6 வழக்கறிஞருக்கு அத்தகைய தடை போடுவதையே அனுமதிப்பதில்லை. இங்கிலாந்தில் பார்ட்னர் ஒப்பந்தத்தில் நியாயமான தடை செல்லும், நீண்ட நோட்டீஸ் காலமும் உண்டு. உங்கள் பழைய ஒப்பந்தத்தை இன்னொரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தன் ஒப்பந்தத்தைத் தானே படிக்கும் வழக்கறிஞருக்கு விருப்பம் கண்ணை மறைக்கும்.

பணத்தில் கடைசியாக இரண்டு விஷயம். புது இடத்தில் மூலதனம் போடச் சொல்வார்கள், பழைய இடம் உங்கள் மூலதனத்தைத் தவணையாகத்தான் திருப்பும். நடுவில் கடன் வாங்கினால் வட்டி யாருடையது என்று பேசுங்கள். தொழில் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் புகார் வரும் நாளை வைத்துத்தான் செல்லும், வேலை செய்த நாளை வைத்து அல்ல. நீங்கள் விலகிய பிறகு பழைய வேலை மீது புகார் வந்தால் எந்தக் காப்பீடு தாங்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் விலகாதீர்கள்.

கேள்வி: சீனியர் ஒருவரின் நடத்தை தாங்காமல்தான் மாறுகிறேன். ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? புது இடமும் இப்படியிருக்காது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களுக்கு நடந்தது அரிதான ஒன்றல்ல, உங்கள் தவறும் அல்ல. சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 2019இல் 135 நாடுகளில் ஏறக்குறைய 7,000 பேரிடம் ஆய்வு நடத்தியது. பெண்களில் இரண்டு பேரில் ஒருவர் மிரட்டலுக்கும், மூன்று பேரில் ஒருவர் பாலியல் தொல்லைக்கும் ஆளானதாகச் சொன்னார்கள். பாலியல் தொல்லைகளில் முக்கால்வாசி புகாராகவே வரவில்லை.

நேர்காணலில் முழுக் கதையும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பொய்யும் வேண்டாம். ‘இன்னும் பொறுப்பான வேலையும், அதைத் தரும் குழுவும் தேடுகிறேன்’ என்பது உண்மையான, போதுமான பதில். பழைய இடத்தோடு சமரச ஒப்பந்தம் போட்டிருந்தால் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று உங்கள் வழக்கறிஞரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆதாரத்துக்காக அலுவலக மின்னஞ்சல்களைச் சொந்த முகவரிக்கு மொத்தமாக அனுப்பாதீர்கள். அதில் ஒரே ஒரு கட்சிக்காரர் ரகசியம் இருந்தாலும் குற்றவாளி நீங்கள் என்று கதை திரும்பிவிடும். நாள், நேரம், இடம், சொன்ன சொல், பக்கத்தில் இருந்தவர் இவற்றை அன்றன்றைக்கே சொந்த நோட்டில் எழுதிவைப்பது பாதுகாப்பானது.

புது இடத்தைச் சோதிக்கும்போது, கொள்கை இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரிடமும் இருக்கிறது. ‘அதிக வருமானம் கொண்டுவரும் பார்ட்னர் மீது புகார் வந்தால் முடிவெடுப்பது யார்?’ என்று கேளுங்கள். வெளியாட்கள் உள்ள குழு என்றால் நல்லது. நிர்வாகப் பார்ட்னர் ஒருவரே என்றால் அவர் யோசிப்பது வருமானத்தை. அங்கிருந்து சமீபத்தில் விலகிய இரண்டு பெண்களைத் தேடிப் பேசுங்கள். ‘எப்படியிருந்தது?’ என்றால் நாகரிகமாகப் பதில் சொல்வார்கள். ‘உங்கள் தங்கையை அங்கே சேர்ப்பீர்களா, எந்தக் குழுவில் சேர்க்க மாட்டீர்கள்?’ என்று கேளுங்கள். தயங்குகிற அந்த இரண்டு விநாடியில் விஷயம் இருக்கிறது.

கேள்வி: இப்போது வாங்கும் சம்பளத்தைக் கேட்கிறார்கள். சொல்ல வேண்டுமா?

சட்டம் கட்டாயப்படுத்தாத வரை வேண்டாம். ஏற்கெனவே குறைவாகத் தரப்பட்ட சம்பளம் அடுத்த சம்பளத்துக்கு அடித்தளமாகிவிடும், குறை கூடவே வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவு இந்தக் கேள்வியையே தடை செய்கிறது. வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு ஊதிய வரம்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறது. ‘இந்த இடத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்பு என்ன? என் எதிர்பார்ப்பு இது’ என்று பேச்சைத் திருப்புங்கள்.

கேள்வி: ஆள்சேர்ப்பு முகவர்கள் இருவர் அழைக்கிறார்கள். இருவரிடமும் விவரக்குறிப்பைக் கொடுக்கலாமா? ராஜினாமாவை எப்போது கொடுப்பது?

கொடுக்கலாம். ஆனால் எந்த நிறுவனத்துக்கு யார் அனுப்புவது என்று பெயர் பெயராக எழுத்தில் சம்மதம் கொடுங்கள். ஒரே நிறுவனத்துக்கு இருவர் வழியாகவும் போனால் கட்டணம் யாருக்கு என்ற தகராறில் நிறுவனம் உங்களையே ஒதுக்கிவிடும்.

ராஜினாமாவுக்கு முன் நான்கு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: கையெழுத்தான நியமனக் கடிதம், நலமுரண் சோதனை முடிந்தது என்ற எழுத்து, பேசி வாங்கிய சலுகைகள் அந்தக் கடிதத்தில் ஏறியிருப்பது, பழைய இடத்தின் போனஸ் தேதி. பணம் வழங்கும் நாளில் நோட்டீஸில் இருப்பவருக்கு போனஸ் இல்லை என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. இரண்டு வாரம் பொறுத்தால் ஒரு வருட உழைப்பின் பணம் கிடைக்கும் என்றால் பொறுங்கள். கடிதம் கொடுத்த அன்றே கணினி நுழைவு மூடப்படலாம் என்பதால் சொந்தத் தொடர்பு எண்கள், சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள் முன்பே வீட்டில் இருக்கட்டும். கட்சிக்காரர் கோப்பு, வரைவு மாதிரி எதையும் எடுக்காதீர்கள். கடிதத்தில் இரண்டே வரி போதும்: விலகும் முடிவு, கடைசி நாள்.